கார்பெட்டைத் தூக்கிப் பார்க்காமல் வாங்கிய எஸ்யூவி

நான் இருப்பது கோலாலம்பூரின் கெப்போங்கில். சனி, ஞாயிறு வந்தால் எனக்குச் சைக்கிள்தான். பெரும்பாலும் புக்கிட் கியாராவின் காட்டுப் பாதைகள். பள்ளி விடுமுறை என்றால் குடும்பத்தோடு ஜண்டா பாய்க்கில் கூடாரம், இல்லையென்றால் கோலகுபு பாரு பக்கம் ஆற்றங்கரை. எட்டு வருடமாக இதையெல்லாம் மைவி என்ற ஒரு சின்னக் காரில் சமாளித்தோம். இரண்டு மவுன்டன் பைக்கின் சக்கரங்களையும் கழற்றி, பின் இருக்கையை மடித்து, பழைய போர்வையை விரித்து உள்ளே திணிப்பேன். அப்புறம் மகன் உட்கார இடம் இருக்காது. மனைவியும் மகனும் மச்சானின் காரில் ஏறிப் பின்னால் வருவார்கள். ஒரே பயணத்துக்கு இரண்டு கார், இரண்டு டோல். 2023 தொடக்கத்தில், போதும், ஒரு எஸ்யூவி வாங்கிவிடுவோம் என்று முடிவு செய்தேன். புதிது வாங்க வசதியில்லை. 70,000 மலேசிய வெள்ளிக்குள் ஏழெட்டு வருடப் பழைய கார் ஒன்று கிடைத்தால் போதும் என்று தேட ஆரம்பித்தேன்.

அந்தத் தேடலில் எனக்கு ஏறக்குறைய 30,000 வெள்ளி போனது. பதினொரு மாதத் தூக்கமும் போனது. வாங்குவதற்கு முன் யாராவது என்னை உட்காரவைத்து நான்கு வார்த்தை சொல்லியிருந்தால் இது நடந்திருக்காது. எனக்குச் சொல்ல ஆள் இல்லை. அதனால்தான் பணக் கணக்கு உட்பட எல்லாவற்றையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

சாமான் ஏற்றுவதோடு இன்னொரு ஆசையும் இருந்தது. எனக்கு வண்டி ஓட்டப் பிடிக்கும். பத்து மலையிலிருந்து பத்து அணையைத் தாண்டி உலு யாம் போகும் வளைவுச் சாலை, கோலகுபு பாருவிலிருந்து கேப் வழியாக ஃபிரேசர் மலைக்கு ஏறும் சாலை, இவற்றில் காலை ஏழு மணிக்குப் போகும்போது கிடைக்கும் சந்தோஷம் எனக்கு வேறு எதிலும் கிடைப்பதில்லை. ஆக, சைக்கிளும் ஏற வேண்டும், வளைவில் வண்டி சொன்ன பேச்சும் கேட்க வேண்டும். ராத்திரி ராத்திரியாக வீடியோக்கள் பார்த்தேன். எத்தனை குதிரைத்திறன், பின்பக்கச் சாமான் அறையான பூட் எத்தனை லிட்டர், நான்கு சக்கரமும் இழுக்கும் ஆல் வீல் டிரைவ் உண்டா இல்லையா என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைத்தேன். ஒரு மாடல் மனத்தில் நின்றுவிட்டது. அதன் பெயர் இங்கே வேண்டாம், ஏனென்றால் எனக்கு நடந்ததில் அந்த மாடலின் தப்பு எதுவும் இல்லை. நான் இரண்டு மாதம் படித்தது மாடலைப் பற்றி. வாங்கப் போவதோ அந்த மாடலில் ஒரே ஒரு காரை. அந்தக் கார் ஏழு வருடம் யாரிடம் இருந்தது, எங்கே நின்றது, என்னென்ன பட்டது என்பதைப் பற்றி அரை மணி நேரம்கூட நான் யோசிக்கவில்லை.

மார்ச் மாதம் கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு டீலரிடம் அந்த மாடல் இருப்பது தெரிந்து போனேன். 2016ஆம் வருடக் கார், மீட்டரில் 78,000 கிலோமீட்டர், விலை 68,000 வெள்ளி. கழுவித் துடைத்து, விளக்கு வெளிச்சத்தில் நிறுத்தியிருந்தார்கள். விற்பனைக்கு இருந்தது ஒரு தமிழ்ப் பையன். "வாங்கண்ணே, உட்காருங்கண்ணே" என்று நாற்காலி இழுத்துப் போட்டு, பக்கத்துக் கடையிலிருந்து தே தாரிக் வரவழைத்துக் கொடுத்தான். ஊர் எது, பிள்ளைகள் எத்தனை என்று பேச்சு வளர்ந்தது. "ஒரே ஓனர்ணே, ஒரு டீச்சர். வேலைக்கும் வீட்டுக்கும் மட்டும்தான் ஓட்டியிருக்காங்க" என்றான். காரைச் சுற்றி வந்தேன். கீழே குனிந்து பார்க்கவும், கார்பெட்டைப் பிடித்துத் தூக்கிப் பார்க்கவும் மனத்தில் தோன்றியது. ஆனால் அவ்வளவு மரியாதையாகப் பேசுகிறவன் முன்னால், உன்னை நம்பவில்லை என்று காட்டுவது போல இருக்குமே என்று கூச்சமாக இருந்தது. செந்தூலில் எனக்கு வருடக்கணக்காகப் பழக்கமான மெக்கானிக் இருக்கிறார். அவரை அழைத்து வரட்டுமா என்று கேட்கவும் அதே கூச்சம்தான். கடையைச் சுற்றிப் பத்து நிமிடம் ஓட்டினேன். "நாளைக்கு இன்னொருத்தர் பார்க்க வர்றாரு" என்றான். அன்றைக்கே 1,000 வெள்ளி டெபாசிட் கட்டிவிட்டேன்.

மற்றதெல்லாம் வேகமாக நடந்தது. டெபாசிட்டையும் சேர்த்து 10,000 வெள்ளி முன்பணம், 58,000 வெள்ளி லோன், ஏழு வருடம், வட்டி 3.9 விழுக்காடு. மாதம் 879 வெள்ளி. கையெழுத்துப் போடும் நாளில், பேச்சிலேயே வராத 2,800 வெள்ளி 'செயல்முறைக் கட்டணம்' பில்லில் இருந்தது. அதற்கும் நான் வாய் திறக்கவில்லை. சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயில் பெயர் மாற்றம், வாகனச் சோதனை மையமான புஸ்பாக்கோமின் சோதனை, இன்சூரன்ஸ் எல்லாவற்றையும் தனித்தனி ரசீதாகக் கேளுங்கள். ரசீது கொடுக்க முடியாத தொகையை நீங்கள் கொடுக்க வேண்டியதில்லை.

முதல் மூன்று வாரம் சொர்க்கம். இரண்டு சைக்கிளும் உள்ளே, மகன் பின்னால் ஒரு பக்கம், மனைவி முன்னால். உலு யாம் வளைவுகளில் கார் அழகாகத் திரும்பியது. நான்காவது வாரம் பின்கதவு தானாகத் திறக்க மறுத்தது. ஃபியூஸாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். அடுத்து ஆல் வீல் டிரைவ் எச்சரிக்கை விளக்கு எரிந்தது, இரண்டு நாளில் தானாக அணைந்தது. ஜன்னல் கண்ணாடி பாதியில் நின்றது. மே மாதம் ஒரு மதியம் வெயிலில் நிறுத்திவிட்டு வந்து கதவைத் திறந்தபோது உள்ளிருந்து ஒரு வாடை வந்தது. ஈரத் துணியை வாளியில் மறந்துவிட்டால் வருமே, அந்த வாடை. வாங்கிய நாளிலிருந்து அந்தக் காரில் வாசனைப் புட்டி தொங்கிக்கொண்டிருந்தது. அது தீர்ந்துபோனதால்தான் இது தெரிகிறது என்று எனக்கு உடனே உறைக்கவில்லை. ஜூன் தொடக்கத்தில், கராக் நெடுஞ்சாலையில் குடும்பத்தோடு போய்க்கொண்டிருக்கும்போது டாஷ்போர்டில் விளக்குகள் எல்லாம் ஒன்றாக எரிந்து, ஸ்டியரிங் கனத்துப்போனது. எப்படியோ ஓரம்கட்டினேன். பக்கத்தில் லாரிகள் உறுமிக்கொண்டு போக, பத்து வயதுப் பையனை ஓரத் தடுப்புக்கு அந்தப் பக்கம் நிறுத்திவைத்து இழுவை லாரிக்குக் காத்திருந்த அந்த ஒன்றரை மணி நேரத்தை என்னால் மறக்கவே முடியாது.

செந்தூல் மெக்கானிக் எதையும் கேட்கவில்லை. ஓட்டுநர் இருக்கையின் நான்கு போல்ட்டையும் கழற்றி, இருக்கையை வெளியே எடுத்து, கார்பெட்டை ஓரத்திலிருந்து உரித்தார். அடியில் இருந்த பஞ்சு ஈரமாக இருந்தது. அதற்கும் கீழே, தகரத்தின் மேல், காய்ந்து வெடித்த மெல்லிய சேறு. வயர்களின் இணைப்பு ஒன்றைப் பிரித்துக் காட்டினார். செம்பு முனைகளில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. "தம்பி, இது தண்ணி ஏறுன காடி. இருக்கை மட்டத்துக்கு ஏறியிருக்கு" என்றார். எனக்குக் காது அடைத்துப்போனது. 2021 டிசம்பர் 18 வாக்கில் ஷா ஆலாமில் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கிக் கிடந்த படங்களை நாம் எல்லோரும் பார்த்தோம். அந்த மழையில் கிள்ளான் பள்ளத்தாக்கில் எத்தனை கார்கள் கூரை வரை தண்ணீரில் நின்றன. அவற்றில் ஒன்றா என்று எனக்கு நிச்சயமாகத் தெரியாது, ஆனால் அந்தச் சேற்றைப் பார்த்த நிமிடம் அதுதான் நினைவுக்கு வந்தது. வீட்டில் சொல்ல இரண்டு நாள் ஆனது. மனைவி திட்டவில்லை. "அந்தக் காரில்தானே பையனை ஏற்றிக்கொண்டு போனோம்" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

இப்படிப்பட்ட கார் விற்கிற நாளில் நன்றாகத்தான் ஓடும். அதுதான் இதில் ஆபத்து. சேற்றுத் தண்ணீர் வயர் இணைப்புகளிலும், தரையோடு ஒட்டியிருக்கும் மின்னணுப் பெட்டிகளிலும் புகுந்தபின், அரிப்பு மாதக்கணக்கில் மெதுவாக வேலை செய்யும். இன்றைக்குப் பின்கதவு, நாளைக்கு ஸ்டியரிங். ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று. இன்சூரன்ஸ் பதிவிலும் பல நேரம் தடயம் இருக்காது. வெள்ளத்துக்கான காப்பு சாதாரண முழுக் காப்புறுதியில் சேராது, தனியாகப் பணம் கட்டிச் சேர்க்க வேண்டும். அதைச் சேர்க்காதவர்களுக்கு இழப்பீடு கோர வழியில்லை. கோரிக்கை இல்லையென்றால் பதிவும் இல்லை. வந்த விலைக்குத் தள்ளிவிடுவார்கள். யாரோ வாங்கிக் கழுவி, உலர்த்தி, வாசனை தொங்கவிட்டு நிறுத்துவார்கள்.

அந்த மெக்கானிக் அன்று எனக்குக் காட்டிக்கொடுத்தவற்றை அப்படியே சொல்கிறேன். கார் பார்க்கப் போகும்போது ஒரு டார்ச், ஒரு வெள்ளைத் துணி, ஒரு அளவு நாடா எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வேலையாக ஐந்து சீட் பெல்ட்டையும் முடிவு வரை இழுங்கள். வெளியே தெரியும் பகுதியைக் கழுவுவார்கள், சுருளுக்குள் இருக்கும் கடைசி ஒரு அடியை யாரும் கழுவுவதில்லை. அங்கே கறையோ மண் கோடோ இருந்தால் பேசாமல் திரும்பிவிடுங்கள். இருக்கையை முன்னும் பின்னும் தள்ளி, தண்டவாளத்தின் போல்ட்டுகளில் துரு இருக்கிறதா, யாராவது ஸ்பானர் போட்டுத் திருகிய கீறல் இருக்கிறதா என்று பாருங்கள். ஏழு வருடக் காரில் இருக்கையைக் கழற்ற என்ன காரணம்? பூட்டில் ஸ்பேர் டயரை வெளியே எடுத்து அந்தக் குழியைத் துணியால் துடைத்துப் பாருங்கள். டாஷ்போர்டுக்கு அடியில் டார்ச் அடித்து வயர் இணைப்புகளில் பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். கிளவ் பாக்ஸில் இருக்கும் கையேட்டின் தாள்கள் நெளிந்திருக்கிறதா என்பதும் ஒரு தடயம். எல்லா ஜன்னலையும் மூடி, ஏர்கான் இல்லாமல் பத்து நிமிடம் உள்ளே உட்காருங்கள். வாசனைப் புட்டி இருந்தால் வெளியே எடுக்கச் சொல்லுங்கள். காரின் வயதுக்குப் பொருந்தாத புத்தம்புது கார்பெட் இருந்தால் சந்தோஷப்படாதீர்கள். கடைசியாக, கார்பெட்டின் ஓரத்தை உரித்துப் பாருங்கள். கதவோரப் பிளாஸ்டிக்கை மெதுவாக நெம்பினால் போதும். விற்கிறவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

புஸ்பாக்கோமில் பாஸ் ஆகியிருக்கிறதே என்று என்னைப் போலவே பலரும் தைரியமாக இருப்பார்கள். பெயர் மாற்றத்துக்கு பி5, வங்கிக் கடனுக்கு பி7 என்று இரண்டு சோதனைகள். அடிச்சட்ட எண், என்ஜின் எண் எல்லாம் பத்திரத்தோடு ஒத்துப்போகிறதா, கார் விதிப்படி இருக்கிறதா என்பதற்கு அவை தேவை. ஆனால் கார்பெட்டுக்கு அடியில் இருக்கும் வயரின் ஆயுளுக்கு அந்தத் தாள் உத்தரவாதம் இல்லை. டீலர் கொடுத்த ஒரு வருட வாரண்டியையும் அன்றிரவுதான் முழுதாகப் படித்தேன். என்ஜினின் உள்பாகங்கள், கியர்பாக்ஸ் மட்டும்தான். மின்சாரக் கோளாறு கிடையாது, தண்ணீரால் வந்த சேதம் கிடையாது என்று தெளிவாகவே அச்சிட்டிருந்தது. 'வாரண்டி உண்டு' என்று சொன்னதைக் கேட்டுக்கொண்டேன், எதற்கு உண்டு என்று கேட்கவில்லை.

டீலரிடம் போனபோது அந்தப் பையன் அங்கே இல்லை, வேலையை விட்டுவிட்டானாம். முதலாளி, "இருக்கிற நிலையில் வாங்கிக்கொள்கிறேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கீங்க" என்று தாளை நீட்டினார். கையெழுத்து என்னுடையதுதான். அதோடு எல்லாம் முடிந்துவிட்டது என்று இடிந்துபோய் வீடு வந்தேன். ஒரு மாதம் அப்படியே ஓடியது. இதற்கிடையில் ஓட்டும் நிலைக்குக் கொண்டுவரவே 6,450 வெள்ளி செலவானது. அந்தக் கார் நான்கு மாதம் மொத்தமாக ஒர்க்‌ஷாப்பில்தான் நின்றது. ஜூலையில்தான் அலுவலகத்தில் ஒரு அக்கா, மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்துக்குப் போகச் சொன்னார். கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரை கோரலாம். வாங்கிய மூன்று வருடத்துக்குள் பதிய வேண்டும். வக்கீல் தேவையில்லை, நம் வழக்கை நாமே சொல்லலாம். 'இருக்கிற நிலையில்' என்று கையெழுத்துப் போட்டதாலேயே நம் உரிமை போய்விடாது, 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் கொடுக்கும் பாதுகாப்பை ஒப்பந்தம் எழுதி நீக்கிவிட முடியாது என்பதும் அப்போதுதான் தெரிந்தது. ஒன்று கவனியுங்கள்: இது வியாபாரியிடம் வாங்குகிறவர்களுக்கான வழி. தனியாளிடம் வாங்கினால் இந்தக் கதவு இல்லை.

எனக்குக் கைகொடுத்தது படங்களும் தாள்களும்தான். மெக்கானிக் இருக்கையைக் கழற்றும்போதே தேதியோடு வீடியோ எடுக்கச் சொல்லியிருந்தார். "கோளாறு எதுவும் இல்லைணே, நீங்க நம்பலாம்" என்று அந்தப் பையன் வாட்ஸ்அப்பில் அனுப்பியது இருந்தது. விளம்பரத்தின் படத்தைச் சேமித்து வைத்திருந்தேன். அக்டோபரில் விசாரணை நாளன்று டீலர் தரப்பு சமரசத்துக்கு வந்தது. 12,000 வெள்ளிக்கு ஒத்துக்கொண்டேன். இன்னும் போராடியிருக்கலாமோ என்று இன்றும் சில நாள் தோன்றும். அன்று எனக்குத் தெம்பு இல்லை. காரை 2024 பிப்ரவரியில் விற்றேன். தண்ணீர் ஏறிய கார் என்று தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, பாகங்களுக்காக வாங்கும் ஒரு வியாபாரிக்கு 39,000 வெள்ளிக்குக் கொடுத்தேன். மறைத்து விற்றால் இன்னும் பத்தாயிரம் கிடைக்கும் என்று இரண்டு பேர் ஆலோசனை சொன்னார்கள். இன்னொருவர் பிள்ளையை அந்தக் காரில் உட்காரவைக்க மனம் வரவில்லை.

கணக்கு இது. முன்பணம் 10,000, கட்டணம் 2,800, பதினொரு மாதத் தவணை 9,669, பழுதுபார்ப்பு 6,450, வங்கிக் கடனை முடிக்க விற்ற பணம் போக நான் கையிலிருந்து போட்டது 13,200 வெள்ளி. மொத்தம் 42,000க்கு மேல். தீர்ப்பாயத்தில் வந்த 12,000ஐக் கழித்தால் 30,000. நிலையான வட்டிக் கடனில் ஆரம்ப மாதங்களின் தவணையில் கணிசமான பகுதி வட்டிக்கே போகும் என்பதைக் கடனை முடிக்கப் போன அன்றுதான் உணர்ந்தேன். ஒரு வருடத்துக்குள் விற்க நேர்ந்தால், கட்டிய அளவுக்கு அசல் குறைந்திருக்காது. ஒரு நல்ல மெக்கானிக்கைக் கார் பார்க்க அழைத்துப் போனால் 150, 200 வெள்ளி கொடுத்தால் போதும்.

இரண்டாவது முறை தேடத் தொடங்கியபோது நோட்டுப் புத்தகத்தைத் தூக்கிப் போட்டேன். குதிரைத்திறனில் ஆரம்பிக்காமல், ஒரு சனிக்கிழமை காலையில் நாங்கள் எதையெல்லாம் எடுத்துப் போகிறோம் என்பதில் ஆரம்பித்தேன். எல்லாவற்றையும் வீட்டு வாசலில் பரப்பி அளந்தேன். என் சைக்கிளின் ஹேண்டில் 78 சென்டிமீட்டர் அகலம். முன்சக்கரத்தைக் கழற்றினாலும் நீளம் ஒன்றரை மீட்டருக்குக் குறையாது. ஐஸ் பெட்டி நிரம்பினால் 25 கிலோ. அதைத் தூக்கி வைக்கப் போவது மனைவியும்தான், அதனால் பூட்டின் விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்பது அவர் இடுப்பு பதில் சொல்ல வேண்டிய கேள்வி. விளம்பரத்தில் போடும் பூட் லிட்டர் கணக்கு இதில் எதையும் சொல்லாது.

அப்புறம் கார்களைப் பார்க்கும்போது எல்லாம் வேறு மாதிரித் தெரிந்தது. டொயோட்டா ஃபார்ச்சூனர் உறுதியான வண்டி, காட்டுக்குள் வெகுதூரம் போகிறவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன். ஆனால் அதன் மூன்றாம் வரிசை இருக்கைகளை மடித்தால் பூட்டின் இரு பக்கச் சுவரிலும் தொங்கும். சைக்கிளின் ஹேண்டில் அங்கேதான் இடித்தது. நிசான் எக்ஸ்-டிரெயில் ஏழு இருக்கையோடு வருவதால், மடித்த மூன்றாம் வரிசை தரையில் இடம் பிடித்துக்கொள்கிறது. நான்காம் தலைமுறை ஹோண்டா சிஆர்-வி சாமான் ஏற்ற அருமை. பூட்டில் நின்றபடி ஒரு பிடியை இழுத்தால் பின் இருக்கை தானே மடிந்துவிடும், விளிம்பும் தாழ்வு. சுபாரு ஃபாரஸ்டர் பெட்டி போல உயரமானது, தரையிலிருந்து 220 மில்லிமீட்டர் இடைவெளி, எல்லாவற்றிலும் ஆல் வீல் டிரைவ். மஸ்டா சிஎக்ஸ்-5ன் கூரை பின்னால் சரிகிறது, அதனால் இடம் கொஞ்சம் குறைவு. ஆனால் அதை உலு யாம் வளைவில் ஓட்டியபோது எனக்கு மற்றவற்றில் இல்லாத ஒரு நெருக்கம் கிடைத்தது. ஆறு கியர் கொண்ட வழக்கமான ஆட்டோ கியர்பாக்ஸ். ஏற்றத்தில் காலை அழுத்தினால் கியர் இறங்கி இழுக்கிறது. படிப்படியான கியர் இல்லாத சிவிடி கியர்பாக்ஸ் கெட்டது என்று நான் சொல்லவில்லை, எண்ணெயைக் காலத்தோடு மாற்றியிருந்தால் நன்றாகவே உழைக்கும். மலையேற்றத்தில் என்ஜின் ஒரே சுருதியில் கத்திக்கொண்டிருப்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

ஆல் வீல் டிரைவ் வேண்டுமா என்பதில் என் எண்ணம் முழுதாக மாறியது. ஜண்டா பாய்க்கின் கற்பாதை, கோலகுபு பாருவின் ஆற்றங்கரை, கியாராவின் கார் நிறுத்துமிடம். எட்டு வருடம் மைவி போய்வந்த இடங்கள். நல்ல டயரும் கொஞ்சம் உயரமும் இருந்தால் முன்சக்கர இழுவையே போதும். ஆல் வீல் டிரைவ் பழைய கார் என்றால் நான்கு டயரும் ஒரே பிராண்டில், ஒரே அளவு தேய்மானத்தில் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். வித்தியாசம் இருந்தால் இழுவை அமைப்புக்குத்தான் பாரம். ஒரு டயர் கிழிந்தாலும் சில நேரம் நான்கையும் மாற்ற வேண்டிவரும். சாலை வரியையும் பாருங்கள்: 2.5 லிட்டர் என்ஜினுக்கு 2.0 லிட்டரைவிடக் கணிசமாக அதிகம். கூரையில் ரேக் போட்டுச் சைக்கிளை ஏற்றலாம் என்பவர்கள், கார் கையேட்டில் கூரை தாங்கும் எடையைப் பாருங்கள், ரேக்கின் எடையும் அதில் சேர்த்தி. பேரங்காடிகளின் கார் நிறுத்துமிடங்களில் பல இரண்டு மீட்டர் உயரத்தில் கம்பி கட்டியிருக்கும் என்பதையும் மறந்துவிடாதீர்கள். பின்கதவில் மாட்டும் ரேக் என்றால் எண் பலகையும் விளக்குகளும் மறையக் கூடாது.

கடைசியில் வாங்கியது சிஎக்ஸ்-5, 2.0 லிட்டர், முன்சக்கர இழுவை. பெட்டாலிங் ஜெயாவில் ஓய்வு பெற்ற தம்பதியிடம், 52,000 வெள்ளிக்கு. போன் பண்ணும்போதே சொல்லிவிட்டேன்: காலையில் வருகிறேன், என்ஜினைச் சூடாக்கி வைக்காதீர்கள், மெக்கானிக் கூட வருவார், சைக்கிளையும் எடுத்துவருவேன், கராக் ஏற்றத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். சொல்லும்போது குரல் நடுங்கியது. ஐயா, "தாராளமா வாங்க தம்பி" என்றார். இதற்கு முன் இரண்டு பேர் இதே கோரிக்கைக்கு, "வேற ஆளைப் பாருங்க" என்று போனை வைத்தார்கள். அவர்கள் நேரத்தையும் என் பணத்தையும் மிச்சப்படுத்திவிட்டார்கள் என்றே எடுத்துக்கொண்டேன்.

அன்று மூன்று மணி நேரம் ஆனது. சீட் பெல்ட், தண்டவாளம், ஸ்பேர் டயர்க் குழி, கார்பெட் ஓரம் எல்லாம் பார்த்தோம். மெக்கானிக் கணினியை மாட்டிக் கோளாறுக் குறிப்புகளைப் படித்தார். மீட்டரில் 96,000 கிலோமீட்டர். பிரேக் பெடலின் ரப்பர், ஸ்டியரிங் தோலின் தேய்மானம், சர்வீஸ் ரசீதுகள் மூன்றும் அதே கதையைச் சொன்னதா என்று ஒப்பிட்டோம். டயரின் பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்கம் அது தயாரான வாரமும் வருடமும், அதையும் குறித்துக்கொண்டோம். பிறகு இரண்டு சைக்கிளையும் ஐஸ் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு கோம்பாக் டோலைத் தாண்டி கெந்திங் செம்பா சுரங்கம் வரை ஏறினோம். பாரத்தோடு ஏறும்போதுதான் கியர்பாக்ஸின் உதறலும், வெப்பமும், பின்பக்க அப்சார்பரின் தளர்ச்சியும் வெளியே வரும். அப்சார்பர் தளர்ந்திருந்தது தெரிந்தது. அதைச் சொல்லி 1,500 வெள்ளி குறைத்துப் பேசியதில் வந்ததுதான் அந்த 52,000. முன்சக்கரங்களைக் கழற்றி ஹேண்டிலைத் திருப்பினால்தான் சைக்கிள்கள் உள்ளே போகின்றன. அது தெரிந்தேதான் வாங்கினேன்.

தனியாளிடம் வாங்கும்போது இரண்டு விஷயம் முக்கியம். காரின் மேல் பழைய வங்கிக் கடன் இருந்தால் வங்கியின் உரிமைக் கோரிக்கை நீங்காமல் பெயர் மாறாது, சம்மன் பாக்கி இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். பணம் கொடுக்கிற நேரத்தை ஜேபிஜேயில் பெயர் மாறுகிற நேரத்தோடு பொருத்திக்கொள்ளுங்கள். நானும் ஐயாவும் ஒன்றாகப் போய்க் கைரேகை வைத்து முடித்தபின்தான் மீதிப் பணம் மாறியது. இழப்பீடு கோராமல் ஓட்டியதற்காக மைவியின் இன்சூரன்ஸில் சேர்ந்திருந்த 55 விழுக்காட்டுத் தள்ளுபடியை, மனைவியின் பெயரில் புதிதாகத் தொடங்காமல் என் பெயரிலேயே பதிந்து மாற்றிக்கொண்டேன்.

இன்சூரன்ஸ் எடுக்கும்போது வெள்ளத்துக்கான கூடுதல் காப்பையும் சேர்க்கச் சொன்னேன். முகவர், "கெப்போங்கில் நீங்க இருக்கிற இடம் மேடுதானே" என்றார். 150 வெள்ளிக்குள்தான் வந்தது. போடுங்கள் என்றேன்.